குழல் கடைந்தவர்

அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னை "அண்ணை" என்று கூப்பிட்டார். முதலாளி என்ற மரியாதைக்காக இருக்கும். நான் திருத்தவில்லை. பதிலுக்கு அவரைத் "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்தேன். ஆறு வருடம் அப்படியே ஓடியது.

சிட்னியில் பிளாக்டவுனைத் தாண்டி, ஒரு டயர் கடைக்கும் கண்ணாடி அறுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிறது என் பட்டறை. போட்டிகளில் குறி பார்த்துச் சுடுகிறவர்களுக்கு, அவரவர் தோளுக்கும் கன்னத்துக்கும் கை நீளத்துக்கும் அளவெடுத்து ரைஃபிள் செய்து கொடுப்பது தொழில். நான் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு சிட்னிக்கு வந்தவன். ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை. கூட வேலை பார்த்த ஒருவர் ஒரு சனிக்கிழமை சுடும் களத்துக்கு அழைத்துப் போனார், அதிலிருந்து பிடித்துக்கொண்டது. நல்ல ரைஃபிளுக்காக ஆட்கள் ஒரு வருடம்கூடக் காத்திருக்கிறார்கள் என்று அங்கே தெரிந்துகொண்டேன். கம்பெனியை விட்டேன். அலைந்து திரிந்து லைசென்ஸ் வாங்கினேன்.

எனக்கு வரைபடம் வரும், கைவேலை வராது. துப்பாக்கிக் குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறையை லேத்தில் குடைவதுதான் இந்தத் தொழிலின் உயிர். அந்த அறை நடுக்கோட்டிலிருந்து முடியளவு விலகினாலும் குண்டு சொன்ன இடத்துக்குப் போகாது. நான் குடைந்த முதல் இரண்டு குழல்களும் குப்பைக்குப் போயின. மூன்றாவதை அவர் குடைந்தார். களத்தில் நூறு மீட்டரில் வைத்து ஐந்து முறை சுட்டேன். ஐந்து ஓட்டைகளையும் ஒரு ஐந்து சென்ட் நாணயத்தால் மூட முடிந்தது.

அவர் கிளிநொச்சிப் பக்கத்துக்காரர். அங்கே ஒரு பட்டறையில் தண்ணீர் மோட்டார்களுக்குச் சாமான் கடைந்துகொண்டிருந்தவர். படகில் வந்து, பல வருடம் காத்துக் கிடந்து, குடியுரிமை வாங்கியிருந்தார். மனைவியோடும் ஒரே மகளோடும் பென்டில் ஹில்லில் வாடகை வீடு. என் லைசென்ஸின் கீழ் வேலை செய்வதற்கான அனுமதியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதை அவருக்கு அடிக்கடி நினைவுபடுத்துவேன்.

வாடிக்கையாளர்கள் வந்தால் முன்னறையில் உட்கார வைப்பேன். பட்டறைக்கும் முன்னறைக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. "இந்தக் குழலைக் குடைந்தது யார்?" என்று கேட்பார்கள். "நான்தான்" என்பேன். தடுப்புக்குப் பின்னால் அவர் எண்ணெய்த் துணியில் கை துடைத்துக்கொண்டு நிற்பார். "அவர் சுத்தம் செய்ய, எடுத்துக் கொடுக்க" என்பேன். அவருக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். எங்கள் ஊர் நண்பர்கள் யாராவது வந்தால் அவர் பேசுவதைப் போல "ஓம், ஓம், வாறன்" என்று பேசிக் காட்டுவேன். அவரும் கூடச் சிரிப்பார். அவர் சிரித்ததால் அதில் தப்பில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் வந்தார். அவருக்குப் போட்டி எல்லாம் இல்லை, காட்டுப்பன்றி சுடுவதற்காக எங்களிடம் ஒரு ரைஃபிள் செய்து வாங்கியிருந்தார். சந்தோஷத்தில் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். ஒரு பெண் பன்றி, முதுகெலும்பில் குண்டு பட்டு, பின்னங்கால்கள் இழுபட முன்னங்கால்களால் புழுதியில் ஊர்ந்து போனது. படம் எடுத்தவர் அவசரமே இல்லாமல் பின்னால் நடந்து போனார். தடுப்பின் கதவருகே நின்ற நம் ஆள் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பி, இங்க வாங்க," என்றேன். "நீங்க பண்ணுனதுதான். என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க."

அந்த ரைஃபிள் அவர் செய்தது என்று இன்னொருவர் முன்னால் நான் சொன்னது அந்த ஒருமுறைதான். தமிழில் சொன்னதால் பண்ணைக்காரருக்குப் புரிந்திருக்காது. நம் ஆள் வந்து நின்று கடைசிவரை பார்த்தார். பிறகு கழிவறைக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

வந்தவர் போனபின் தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். அவராகவே பேசினார்.

"என்ர தம்பியும் உப்பிடித்தான் கிடந்தவனாம் அண்ணை. கண்ட ஆள் வந்து சொன்னது."

"தம்பியா? நீங்க சொன்னதே இல்லையே."

"ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. சண்டையின்ர கடைசி வருசம் இயக்கம் வீட்டை வந்து பிடிச்சுக்கொண்டு போனது. பதினேழு வயசு. அம்மா காலில விழுந்து கத்தினவ. ஆறு கிழமையில செத்திட்டான்." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன்."

"விடுங்க தம்பி. வெள்ளிக்கிழமை டெலிவரி இருக்கு," என்றேன் நான். எழுந்து போய் லேத்தைப் போட்டார்.

அடுத்த வருடம், என்னுடைய முக்கியமான வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர், நான் இல்லாத நேரத்தில் கடைக்கு வந்துவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் தன்னுடைய குழலைக் குடைந்துகொண்டிருந்தவரை முக்கால் மணி நேரம் நின்று பார்த்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது இருவரும் பட்டறைக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். "இவர் ஏன் சொந்தமாகத் தொழில் செய்யவில்லை?" என்று என்னிடமே கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து நம் ஆள் முன்னறைக்கு வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணை, உங்களோட ஒரு கதை கதைக்கோணும். நானும் லைசென்சுக்குப் போட்டுப் பாப்பம் எண்டு யோசிக்கிறன். குழல் வேலை மட்டும்தான். உங்கட வாடிக்கை ஆக்களில ஒருத்தரையும் எடுக்கமாட்டன். உங்கட குழலுகளையும் நானே செய்து தருவன். நீங்கள் ஓம் எண்டால் மட்டும்தான்."

"ரொம்ப சந்தோஷம் தம்பி. லெட்டர் நானே எழுதித் தர்றேன்."

அன்றைக்கே எழுதினேன். நேர்மையானவர், பொறுப்பானவர், இவரைப் போல ஒரு தொழிலாளி கிடைப்பது அரிது என்று ஒரு பக்கம். அதை அவர் தன் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். மறுநாள் அவர் மனைவி எனக்கு ஒரு டப்பா நிறைய பயத்தம் பணியாரம் கொடுத்துவிட்டிருந்தார்.

ஒரு மாதம் போனது. லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அலுப்பான குரல், பட்டியலைப் பார்த்துப் படிப்பது போல. எத்தனை வருடமாகத் தெரியும், குடிப்பாரா, கோபக்காரரா. எல்லாவற்றுக்கும் நல்லபடியாகவே பதில் சொன்னேன். "வேறு ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் குனிந்து, டயலின் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு விஷயம். நான் குற்றமாகச் சொல்லவில்லை," என்றேன். "அவருடைய தம்பி இலங்கையில் இயக்கத்தில் இருந்தவர். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்."

அந்தப் பெண்ணின் குரலில் அலுப்பு போய்விட்டது. எப்போது, எத்தனை காலம் என்று கேட்டார். எனக்கு அவ்வளவுதான் தெரியும் என்றேன். பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதைச் சொல்லவில்லை. பதினேழு வயது என்பதைச் சொல்லவில்லை. மறந்து விட்டதல்ல. போனை வைத்துவிட்டு உள்ளே போய், "தம்பி, உங்களப் பத்தித்தான் கேட்டாங்க. நல்லா சொல்லியிருக்கேன்," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கையில் எண்ணெய் இருந்ததால் உடனே விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்படும், அவர் என்னிடமே இருப்பார் என்பதுதான் என் கணக்கு. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. விசாரணை முடியும்வரை அவருடைய எல்லா அனுமதிகளையும் நிறுத்திவைத்தார்கள். துப்பாக்கி இருக்கும் பட்டறைக்குள் அவர் வேலை செய்யக்கூடாது. ஒரு சனிக்கிழமை காலை இரண்டு போலீஸ்காரர்கள் பென்டில் ஹில் வீட்டுக்குப் போய், அவர் போட்டிக்கென்று வைத்திருந்த ஒரே ரைஃபிளைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவரே தனக்காகச் செய்துகொண்டது. அக்கம்பக்கத்தார் வெளியே வந்து பார்த்திருக்கிறார்கள். மகள் பயந்துபோய், "அப்பா, வாட் டிட் யூ டூ?" என்று கேட்டாளாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தன் ஆயுதங்களை எடுத்துப் போக வந்தார். ஆயுதம் என்று அவர் சொல்வது அளவுகோல்களையும் வெட்டுளிகளையும். பட்டறைக்குள் வரமுடியாது என்பதால் வாசலில் காரைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றார். நான் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி காரின் பின்பக்கம் வைத்தார். மனைவி முன்சீட்டில் இருந்தார். இறங்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

"அண்ணை, ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்க."

"தம்பியைப் பற்றி அவையள் என்னட்டைக் கேட்டவை. ஆர் சொன்னது எண்டு எனக்கு விளங்கேல்லை."

"அவங்களுக்கு எல்லாம் தெரியும் தம்பி. எல்லாத்துக்கும் ஃபைல் இருக்கும்."

"அவன்ர பேர் ஒரு ஃபைலிலயும் இல்லை அண்ணை. நாங்கள் ஒரு இடத்திலயும் எழுதிக் குடுக்கேல்லை. பயத்தில."

டயர் கடையில் யாரோ நட்டு முடுக்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது நிற்கும்வரை அவர் காத்திருந்தார்.

"சொன்னது சொன்னதாப் போகட்டும். நான் கோவிக்கேல்லை. ஆனால் அவனைப் பிடிச்சுக்கொண்டு போனது எண்டதையும் சொல்லிவிடுங்கோ. அது ஒண்டுதான் கேக்கிறன். அதைச் சொன்னால் இவையள் விளங்கிக்கொள்ளுவினம் எண்டு லோயர் சொல்லுறார். நான் சொன்னால் நம்பீனமில்லை. நீங்கள் முதல்ல சொன்ன ஆள், உங்கட சொல்லை எடுப்பினம்."

"கண்டிப்பா சொல்றேன் தம்பி. இந்த வாரமே."

"பெரிய உபகாரம் அண்ணை. போட்டு வாறன்."

நான் சொல்லவில்லை. அந்த வாரமும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் ஏன் மறைத்தாய் என்று என்னைக் கேட்பார்கள், என் லைசென்ஸுக்கு ஆபத்து என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, அந்தப் பல் மருத்துவர் அவரைப் பார்த்த பார்வை. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. என்னிடம் கேட்டுப் போனவர் இரண்டு முறை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் செய்யவும் இல்லை. நாலைந்து மாதத்தில் முடிவு வந்துவிட்டதாக வேறு ஒருவர் மூலம் கேள்விப்பட்டேன். நிரந்தரமாக மறுத்துவிட்டார்கள்.

மருத்துவர் ஒரு நாள் அவரைப் பற்றி விசாரித்தார். "போலீஸுக்கு ஏதோ சந்தேகமாம்," என்றேன். மருத்துவர் தலையை ஆட்டினார். "உங்கள் ஆட்களைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது," என்றார். உங்கள் என்றதில் நானும் சேர்த்தி. நான் சிரித்தேன். அவருடைய அடுத்த ரைஃபிளுக்கு ஆர்டர் எழுதிக்கொண்டேன்.

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடிலெய்டிலிருந்து வந்த ஒருவரை வேலைக்கு வைத்தேன், நல்ல கைக்காரர். கணினியில் ஓடும் புது லேத் ஒன்றும் வாங்கினேன். ரைஃபிள்கள் முன்போலவே சுடுகின்றன. சிலது முன்பைவிட நன்றாகவே சுடுகின்றன.

போன வருடம் பென்டில் ஹில் மளிகைக் கடையில் அவர்களைப் பார்த்தேன். அரிசி மூட்டைகளுக்கு இடையில் நேருக்கு நேர் வந்துவிட்டதால் ஒதுங்க முடியவில்லை. மகள் நன்றாக வளர்ந்திருந்தாள். அவருக்குத் தலை முழுதும் நரைத்திருந்தது.

"அண்ணை, சுகமோ?"

"நல்லா இருக்கேன். நீங்க?"

"ஓம், இருக்கிறம். ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யிற ஒரு இடத்தில வேலை. கட்டில் காலுக்குச் சில்லுப் பூட்டுறது." சொல்லிவிட்டு, "புது மெஷின் எடுத்திருக்கிறியள் எண்டு கேள்விப்பட்டனான். குழல் நீட்டுக்கும் ஒரே சீராப் பிடிக்குதோ?" என்று கேட்டார்.

பிடிக்கிறது என்றேன். எந்த வேகத்தில் ஓட்டுகிறோம் என்று கேட்டார், அதையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் குறைத்து ஓட்டினால் உட்புறம் இன்னும் மினுமினுப்பாக வரும் என்றார். மனைவி தள்ளுவண்டியை எங்கள் இருவருக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். "வாங்கோ, போவம்," என்றார் அவரிடம். மகள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

காரில் வந்து உட்கார்ந்தபோது எனக்கு வெட்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், மனிதர். மறுநாள் பட்டறையில் வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொன்னேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.