பழைய பிளாக்கில் கதவு திறந்த வீடு

இன்று நெய்வேலியில் நான் வளர்ந்த பழைய பிளாக்குக்குப் போனேன். பூங்காவில் ஆளே இல்லை. காலியான குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. வாசல் வேப்பமரத்தை வைத்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் சமையலறையில் யாரோ இருமினார்கள். வாசற்படிக்கே பின்வாங்கிக் குரல் கொடுத்தேன்.

“யாருங்க அது?”

ஒரு பெரியவர் வெறுங்கைகளை விரித்துக் காட்டிக்கொண்டே வெளியே வந்தார். “எதையும் எடுக்கலீங்க. நாங்க குடியிருந்த வூடு, பாத்துகினு இருந்தேன்.”

“இது எங்க வீடுங்க!”

ஆளுக்கொரு தெருப் பெயரைச் சொல்லி வாதாடிய சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார். “ரெண்டு பேர் சொல்ற தெருவும் இது இல்லீங்க. மேல காரை விழுந்துகினு இருக்கு, வெளிய வாங்க!”

எங்கள் வீடு அடுத்த தெருவில் இருந்தது. அங்கேயும் கதவு திறந்திருந்தது. வாசலோடு திரும்பிவிட்டேன்.

நாளைக்கு யாராவது துணைக்கு வருகிறீர்களா? முதலில் நீங்கள்தான் உள்ளே போக வேண்டும்.