மூன்று விரல்

பிள்ளைப்பாக்கம் திருமலையை நல்லவன் என்பவர்கள் அவனோடு ஒரு குழுவில் உட்காராதவர்கள். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பாக்கும் புகையிலையும் கலந்த மாவா எந்நேரமும் கன்னத்தில் அடங்கியிருக்கும். கேட்டால் ஏலக்காய் என்பான். இவ்வளவு சோம்பலாகப் பொய் சொல்பவனை நான் கண்டதில்லை.

புற்றுநோய்த் தடுப்புக்கு இந்த ஆண்டு என்ன செய்வது என்று தொழிலாளர் நலக் குழு கூடியது. தொழிற்சாலை நர்ஸ் இசைவாணி வாய்ப் பரிசோதனை கேட்டாள்: மாவா போடுபவர்களின் வாயை டார்ச் அடித்துப் பார்ப்பது, அந்தப் பழக்கத்தைக் கைவிட உதவுவது, சந்தேகமானால் ஆஸ்பத்திரியில் காட்டும்வரை விடாமல் துரத்துவது. கேரளத்தில் செய்து பார்த்து, புகையிலைக்காரர்களிடம் சாவு குறைந்தது என்று தெரிந்த முறை. நிர்வாகத்துக்குப் பிடித்ததோ விழிப்புணர்வு ஓட்டம்: பனியன், பறை, பிரியாணி. போன வருட ஓட்டத்தால் ஒருவனாவது மாவாவை விட்டானா என்று அவள் கேட்டாள். அதிகாரி ராஜசேகர் போட்டோ காட்டினார்.

திருமலை எழுந்தான். கூட்டக் குறிப்பு எழுதியவன் நான், அவன் சொன்னது இது: "இன்னா சிஸ்டர், பல்ல புடிச்சுப் பாக்க நாங்க இன்னா சந்தை மாடா? நாம ஓடுனா கேன்சரு பின்னாலயே வந்து மூச்சு வாங்கி வுழுந்துடும்."

குழு சிரித்தது. ஓட்டமே தேர்வானது.

ஓட்டம் முடிந்ததும் இசைவாணிக்கு மைக் கிடைத்தது. மாவாவால் வாய் இறுகி, அடுக்கிய மூன்று விரல் உள்ளே போகாவிட்டால் வந்து காட்டுங்கள் என்றாள். அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. அதைக் காதில் வாங்கியவள், ஓட்டத்துக்குக் கூட வந்திருந்த திருமலையின் மனைவி சசிரேகா ஒருத்திதான். பக்கத்தில் அவன் கறியை நூல் நூலாகப் பிய்த்துப் பல்லிடுக்கில் திணித்துக்கொண்டிருந்தான்.

"வூட்லயும் இட்லிய இப்டித்தான புட்டுப் புட்டுத் துன்ற? வாயத் தொற."

"சும்மா இர்றீ. காரம்."

அவளே அவன் கையைப் பிடித்துத் திணித்தாள். ஒரு விரல் போயிற்று. இரண்டாவது பல்லில் இடித்து நின்றது.

"இதுக்குத்தான் மாட்டுக் கதை சொன்னியா? தெரிஞ்சுகினே எல்லாரையும் ஓட வுட்டியா?"

"தெரிஞ்சா வேலைய வுட்டுத் தூக்கிடுவான்டி."

"உன்னைத் தூக்கினு போறதுக்கு நாலு பேர் வருவான், பரவால்லியா? சிஸ்டர், டார்ச் கீதா?"

இருந்தது. திறந்த அளவுக்கு உள்ளே வெள்ளைப் படலம் தெரிந்தது. திங்களன்று சதை எடுத்துச் சோதிக்க அனுப்பினார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

ஓட்டத்தன்று பந்தியில் பாதிப் பேர் பிரியாணியை விட்டுவிட்டு, தங்கள் வாயில் விரல் அடுக்கிப் பார்த்தார்கள். இசைவாணி டார்ச்சோடு இலை இலையாகப் போனாள். அதற்காகத் திருமலைக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.