ஞாயிறு ஏழு மணி மச்சம்

என் முதுகில் ஒரு மச்சம் பெருத்து வருவதாகத் தோன்றிய நாள் முதல் ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு அதை அளந்து நாட்குறிப்பில் எழுதினேன். எனக்கு முதுகில் கண் இல்லாததால் அடிமட்டம் பிடிப்பது மனைவியின் வேலை.

"ஆறு மில்லிமீற்றர்" என்பாள், வாயில் வெற்றிலையோடு.

"போன கிழமை அஞ்சு எண்டனீர்."

"அப்ப அஞ்செண்டே எழுதுங்கோ. அடுப்பிலை சோறு கிடக்கு."

அவளுடைய தம்பி பரந்தனில் பயிர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். நான் கடைக்குக் கொண்டுபோன போனில் மச்சத்தின் படத்தை விரித்து விரித்துப் பார்த்தார்.

"அத்தான், கபில நிறம், ஓரமும் ஒழுங்கில்லை. இது கான்சர்தான். நெல்லு எண்டால் இண்டைக்கே அடிக்கச் சொல்லுவன்."

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் 'இறுதி விருப்பம்' என்று தலைப்பிட்டு, அடிக்கோடும் இட்டேன். அதற்குமேல் கை ஓடவில்லை.

கிளிநொச்சியில் தோல் கிளினிக்குக்குப் பதினெட்டுக் கிழமை அளவுகளையும் வரைபடமாகக் கீறிக் கொண்டுபோனேன். மனைவியும் கூட வந்தாள். வைத்தியர் இளம்பெண். வரைபடத்தைத் தொடவே இல்லை. நான் சட்டையைக் கழற்ற எடுத்த நேரம்கூட அவருக்குத் தேவைப்படவில்லை.

"ஐயா, இது வயசுக்கு வாற மரு. மெழுகை ஒட்டிவிட்ட மாதிரி மேலாலை நிக்குது. ஒண்டும் செய்யாது."

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். வைத்தியர் சிரிக்கவில்லை.

"அம்மா, இப்பிடி வெளிச்சத்துக்கு வாங்கோ. வாயைத் திறவுங்கோ."

உட்கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. துடைத்தும் போகவில்லை.

"எரியிறதோ?"

"உறைப்புத் திண்டால் எரியும்."

"எவ்வளவு நாளா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நாட்குறிப்பு என் மடியில் இருந்தது. புரட்டினேன். ஏழு மாதத்துக்கு முன், 'சமையல்' என்ற தலைப்பின் கீழ்: 'சம்பல் உறைப்பு என்று இவள் குறை சொன்னாள். என் நாவுக்குச் சரியாகவே இருந்தது.' அதன்பின் பதினொரு இடங்களில் அதே குறை, என் அழகான கையெழுத்தில்.

சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று கிழமை. அந்த நாட்களில் நாட்குறிப்பில் திகதி மட்டுமே இருக்கிறது.

இப்போதைக்குப் புற்றுநோய் இல்லை. வெற்றிலையை விடவேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும் என்றார் வைத்தியர். வெற்றிலைத் தட்டம் குசினி அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு இப்போது டோர்ச் பிடிப்பவன் நான்.

"இன்னும் வடிவாத் திறவும்."

"அடிமட்டத்தைக் கொண்டந்தீங்களோ, கடிச்சுப்போடுவன்" என்கிறாள்.