அத்தையின் ஜீப்பும் ஆட்டோமேட்டிக் கியரும்

அன்று அத்தை பட்டறைக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டு, ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் இருந்த பாப்பாவைப் பார்த்துப் பேசினாள். பாப்பாவின் அப்பா சற்றுத் தள்ளி ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். எல்லாம் அவர் காதிலும் விழுந்தது. ஆனால் அக்காளும் தம்பியும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்ததால், நடுவில் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஜீப்புக்கு கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கியர் போட வேண்டும் என்று அத்தை முதலில் சொன்னாள். அந்த வண்டிக்கு அது சரிப்படாது என்று சொல்லச் சொன்னார் அப்பா. ஏன் சரிப்படாது என்று கேட்டாள் அத்தை. குட்டை வண்டி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோ பழையதைவிட நீளம், உள்ளே திணித்தால் பின் அச்சுக்குப் போகிற ஷாஃப்டுக்கு முழங்கை நீளம்கூட இடம் மிஞ்சாது என்றார் அப்பா. முடியாதா, இல்லை தெரியாதா என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள் அத்தை. பாப்பா கேட்கவில்லை. காருக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் அதற்குள் நின்றிருந்தது.

காலும் போய்விட்டது, இனி நம் வீட்டுப் பின்னறையில் வந்து இருக்கட்டும், வண்டியை இங்கே விட்டுவிட்டுப் போகச் சொல் என்றார் அப்பா. அப்போதுதான் அத்தை நேராக அவரிடம் திரும்பினாள்.

"அதுக்குத்தானே இத்தனை வருஷமா வாயைப் பொளந்துகிட்டு உக்காந்திருக்கே? நான் செத்தா எடுத்துக்கோ. அதுவரைக்கும் நீ மெக்கானிக், நான் கஸ்டமர். போடுவியா, மாட்டியா?"

அப்பா வெளியே வந்து கையைத் துடைத்தார். "போடுறேன்னு சொல்லு," என்றார், பாப்பாவைப் பார்த்து.

பகை மூண்டதே அந்த ஜீப்பால்தான். தாத்தா அதைப் பட்டறை வைத்திருந்த மகனுக்குக் கொடுக்காமல், ஓட்டத் தெரிந்த மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்கு அது தொண்டையில் சிக்கியதுபோல அப்படியே நின்றுவிட்டது. அத்தைக்கோ அந்த ஜீப்தான் பிழைப்பு. மலைமேல் இருந்த செல்போன் டவருக்கு ஆட்களையும் டீசல் கேன்களையும் ஏற்றிப்போவாள். கொண்டை ஊசி வளைவுகளில் புது வண்டிகள் முன்னே போய்ப் பின்னே வந்து மூச்சுவாங்கும். இந்தக் குட்டை ஜீப் ஒரே வெட்டில் திரும்பிவிடும். அதனால் வேறு வண்டி வாங்கிக்கொள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

டவர்க்காரர்கள் அவளை முன்னால் மேடம் என்றும் பின்னால் ஹேண்ட்பிரேக் என்றும் சொல்வார்கள். அவள் ஏறி உட்கார்ந்தால் வண்டியில் பேச்சு நின்றுவிடும். கியரைக் குறைக்கலாமே என்று யோசனை சொன்ன இன்ஜினியர் ஒருவரைப் பாதி மலையில் இறக்கிவிட்டு, மீதி மலைக்கு நடந்தே யோசிக்கச் சொல்லிவிட்டுப் போனவள் அவள். பக்கத்து வீட்டோடு மதில் சண்டை, எதிர் வீட்டோடு நாய் சண்டை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடது முட்டி நொறுங்கி, உள்ளே தகடு வைத்த டாக்டர் இனி கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று சொன்னபோது, அவரோடும் சண்டை போட்டாள். தம்பி வீட்டுப் பின்னறையில், தம்பி கொடுக்கிற சோற்றைத் தின்று கிடப்பதைவிடச் சாவது மேல் என்று பாப்பாவிடமே சொல்லியிருக்கிறாள்.

வேலை நடந்த நாளெல்லாம் அத்தை கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தாள். உடைக்கப் போட்ட ஒரு காரிலிருந்து கியர்பாக்ஸ் வந்தது. ஜீப்பின் தரைத்தகட்டை வெட்டித் திறந்தபோது, "பாத்து வெட்டச் சொல்லு, அது எங்கப்பன் வண்டி," என்றாள். அவருக்கும் அதே அப்பன்தான் என்பதை அப்பா சொல்லவில்லை. குனிந்து வெட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் மிஞ்சியது ஷாஃப்ட். ஜீப் ஸ்டாண்டுகளின்மேல் நின்றது, நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் தொங்கின. அப்பா ஜாக்கை இழுத்து வந்து வண்டியை இறக்கப் போனார்.

"நேத்தும் இறக்கினான், இன்னிக்கும் இறக்குறான்," என்றாள் அத்தை, தெருவுக்கே கேட்கும்படி. "ஏத்துறதும் இறக்குறதும்தான் இங்க வேலை போல."

அப்பா ஜாக்கைக் காலால் தள்ளினார். தொங்கிய நிலையிலேயே டேப்பைப் பிடித்து அளந்தார். மறுமுனையைப் பிடித்திருந்த பாப்பாவுக்கு அப்போது அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. லேத் பட்டறைக்காரர் அந்த அளவுக்கே ஷாஃப்டை வெட்டிக் கொடுத்தார்.

சமதரையில் வண்டி வெண்ணெய்போல ஓடியது. அத்தை நன்றி சொல்லவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. ஆனால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்ட விதத்திலேயே அவளுக்கு உயிர் வந்துவிட்டது தெரிந்தது. அடுத்த நாள் டவர் ஆட்களும் டீசல் கேன்களும் ஏறியதும், மலைப்பாதையின் முதல் பள்ளத்தில் மடாரென்று ஒரு சத்தம். கியர்பாக்ஸின் வால்பகுதி விண்டு, சிவப்பு எண்ணெய் ரோட்டில் வழிந்தோடியது.

கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட ஜீப்போடு அத்தை பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டாள். டவர்க்காரர்கள் பின்னால் நின்றார்கள்.

"நான் ஓட்டக் கூடாது, அவ்வளவுதானே? வேணும்னேதானே பண்ணே?"

அப்பா உடைந்த இடத்தை ஒருமுறை குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளிறியதைப் பாப்பா பார்த்தாள். நிமிர்ந்தபோது அது பழைய முகமாகிவிட்டிருந்தது.

"ஆமா. வேணும்னேதான் பண்ணேன்."

அத்தை கைத்தடியை ஓங்கினாள். டவர்க்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். இனி இந்த வாசல் மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜீப் பட்டறையிலேயே கிடந்தது. அப்பா அதன் பக்கமே போகவில்லை.

பாப்பா ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனாள். நசுங்கிய முனையைப் பார்த்ததுமே லேத்காரர், அளந்தபோது சக்கரம் தரையில் இருந்ததா, தொங்கியதா என்று கேட்டார். தொங்கியது என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். வண்டி தரையில் நின்றாலே பின் அச்சு மேலேறி கியர்பாக்ஸுக்குக் கிட்ட வரும், பாரம் ஏற்றினால் இன்னும் கிட்ட வரும், தொங்கவிட்டு அளந்ததால் நீளம் கூடிப்போன ஷாஃப்ட் உள்ளே ஒதுங்க இடமில்லாமல் கியர்பாக்ஸை இடித்துவிட்டது என்றார். உங்கப்பாவா இப்படி அளந்தார் என்று நம்பாமல் கேட்டார்.

அங்கிருந்து நேரே அத்தை வீட்டுக்குப் போனாள் பாப்பா. கதவு பாதிதான் திறந்தது. அந்தப் பாதிக் கதவில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா இறக்கப் போனது, ஜாக்கைத் தள்ளியது, நடுவில் கேட்டிலிருந்து வந்த பேச்சு, எதையும் விடவில்லை. அந்தப் பேச்சைச் சொன்னபோது அத்தை வேறு பக்கம் பார்த்தாள்.

"சின்ன வயசுலயும் அவன் இப்படித்தான்," என்றாள் பிறகு. "கண்ணாடி டம்ளர் கை நழுவி விழுந்தாக்கூட நழுவிடுச்சுன்னு சொல்ல மாட்டான். ஆமா, ஒடைச்சேன்னு சொல்லிட்டு அடி வாங்குவான். கழுதை."

அப்பாவிடம் இதைச் சொல்லிச் சமாதானம் பேசவா என்று பாப்பா கேட்டாள். அத்தை சீறினாள். சமாதானமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், அவன் கெட்டவன் என்று தான் நம்புவதாகவே அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும், ஆனால் அந்த வண்டியை அவன்தான் சரிசெய்து கொடுக்க வேண்டும், வேறு எவன் கையும் அதில் படக் கூடாது என்றாள். கதவைச் சாத்தப் போனவள், நிறுத்தினாள்.

"மருமகளே, ஒரு காரியம் செய்வியா? அவன் மறுபடி அளக்கிற அன்னிக்கு, என்னை எதாவது சாக்குச் சொல்லி வீட்டிலேயே பிடிச்சு வெச்சுக்கோ. நான் வந்தே தீருவேன்னு நிப்பேன். விடாதே."