திறந்த கண்ணுக்குப் பூசும் நிறம்

காலை ஆறரை மணிக்கு அம்மாவின் இமை குளிர்ந்திருக்கும். முகம் கழுவிய ஈரம் புருவத்தடியில் கொஞ்சம் மிச்சமிருக்க, அடுப்படி யன்னலோரக் கதிரையில் முகத்தை நிமிர்த்தி அவர் உட்கார்ந்திருப்பார். நான் எதிரே நின்று மோதிர விரல் நுனியால் இமையைத் தொட்டு, ஈரம் முழுவதும் போய்விட்டதா என்று இரண்டு தரம் பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறப்பேன். எனக்கு அப்போது பதினொரு வயது, அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு. "கடைசிக் காலத்திலை வந்து பிறந்தது" என்றுதான் சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிச் சொல்வார்கள்.

பதினொரு வயதுப் பிள்ளை தாய்க்கு "ஐ ஷேடோ" பூசிவிட வேண்டி வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் அம்மாவுக்குக் கிட்டத்தில் இருக்கும் எதுவும் தெரியாது. போட்டுக்கொண்டால் இமையில் விரல் வைக்க இடமிராது. "தெரியிறதெண்டால் பூச ஏலாது, பூசிறதெண்டால் தெரியாது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அம்மா துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்தார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அவருக்கு ஓடும். ஒருமுறை கேட்ட பெயரை மறக்கமாட்டார். வீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அம்மா, அந்த மேசைக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும் வேறு ஆளாக, நிமிர்ந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அந்த வருடம் புதிதாக ஒரு மனேஜர் வந்தார். வந்த இரண்டாம் கிழமையே, "முன்னுக்கு நிக்கிற ஆக்கள் பளிச்செண்டு இருக்கோணும் அக்கா. முகம் களைச்சுத் தெரிஞ்சால், உள்ளுக்குத் துணி மடிக்கிற பக்கம் மாத்தவேண்டி வரும்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா இதை அப்பாவிடம் தொலைபேசியில் தாழ்ந்த குரலில் சொன்னபோது, நான் கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து அம்மாவின் வேலை என் விரல் நுனியில் இருப்பதாக எனக்குள் ஒரு எண்ணம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்பா புல்மோட்டையில் கடற்கரையிலிருந்து கனிய மணல் எடுக்கும் வேலையில் இருந்தார். சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். அந்தப் பன்னிரண்டு நிறப் பெட்டியை வாங்கி வந்தவரும் அவர்தான். "உதிலை கிடக்கிற நிறமும் எங்கடை மண்ணிலையிருந்து எடுக்கிற சாமான்தானாம். மனேஜற்றை கண்ணிலை நல்லாத் தூவுங்கோ" என்று பகிடி விடுவார். அம்மா அவரைக் கையால் தட்டுவார். பகிடி விட அவருக்கென்ன, பூசுகிறது நானல்லவா என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும்.

வயது போன இமையில் நிறம் பூசுவது லேசான காரியம் இல்லை. ஆறிய பாலில் படிந்த ஆடை போல அந்தத் தோல் விரல் போன பக்கமெல்லாம் கூடவே வரும். இழுத்தால் சுருங்கும், விட்டால் மடியும். "ஒத்து பிள்ளை, இழுக்காதை" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். முதலில் துளிப் பவுடர், பிறகு தேயிலைச் சாயம் போன்ற மண்ணிறம், அதுவும் விரலில் எடுத்துப் புறங்கையில் தட்டி உதிர்த்து மிஞ்சியது மட்டும். மண்ணிறம் முடிந்து பெட்டியின் தகரம் தெரியத் தொடங்கியபோதும் நீலத்தையும் வெள்ளியையும் நாங்கள் தொடவில்லை. நான் பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பூசுவேன். அம்மா கண்ணை மூடியிருப்பார். இடையில் திறந்தாலும் என் முகம் அவருக்குப் புகை மாதிரித்தான் தெரியும். நான் பயப்படுவது அவருக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

ஒரு நாள் கொழும்பிலிருந்து முதலாளி வருவதாக இருந்தது. முன்னால் யார் யாரை வைத்திருப்பது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்வார்களாம். அம்மா முதல்நாளே சேலையை மினுக்கி, மடிப்புக் கலையாமல் வைத்தார். நான் படுக்கையில் கிடந்து யோசித்து, மண்ணிறம் மட்டும் போதாது என்று முடிவு செய்தேன். காலையில் அம்மாவிடம் கேட்காமலே வெள்ளியில் விரலை வைத்தேன். மூடிய இமையில் அது எவ்வளவு அழகாக இருந்தது! என் வாழ்க்கையில் அவ்வளவு திருப்தியாக நான் எதையும் செய்ததில்லை.

பஸ் தரிப்பிடத்தில், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் இரண்டு, யாரோ கொட்டிய மரக்கறித் தோலைத் தின்றுகொண்டு நின்றன. அம்மா பஸ்ஸில் ஏறி, யன்னலால் திரும்பி, வெயிலில் கண்ணை விரித்து எனக்குச் சிரித்தார். அப்போதுதான் கண்டேன். வெள்ளி முழுவதும் இமையின் மடிப்புகளுக்குள் இறங்கி, வரி வரியாக, மீன் செதில் ஒட்டியதுபோல மினுங்கிக்கொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு வயது அறுபத்திரண்டாகத் தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். பஸ் போய்விட்டது.

அன்று பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. துணி மடிக்கும் அறையில் அம்மா குனிந்து நிற்பதே கண்ணுக்குள் வந்தது. மணி அடித்ததும் புத்தகப் பையோடு கடற்கரைப் பாதையால் ஓடி, ஹோட்டல் கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துப் பார்த்தேன். அம்மா மேசைக்குப் பின்னால்தான் நின்றார். முகத்தில் பவுடர் இல்லை, நிறம் இல்லை. ஆட்கள் முன்னால் ஒருநாளும் போடாத மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யாருக்கோ அறைச் சாவியை நீட்டிக்கொண்டிருந்தார். முதலாளி வந்து, பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போயிருந்தார்.

"வேர்வையிலை எல்லாம் அழிஞ்சு போச்சு பிள்ளை" என்றார் வீடு திரும்பும்போது. நான் நம்பினேன், நம்ப விரும்பினேன். மறுநாள் பெட்டியைத் திறந்தால் வெள்ளி இருந்த குழி துப்புரவாகச் சுரண்டப்பட்டிருந்தது. அம்மா வழமைபோலக் கதிரையில் உட்கார்ந்து, "இண்டையிலிருந்து நான் கண்ணை முழிச்சு நேரை பாக்கிறன். மடிப்பு எங்கை விழுதெண்டு பாத்து, அதுக்கு மேலாலை ஒத்து" என்றார். வயது போன கண்ணுக்கு அதுதான் சரியான முறை. மூடிய இமையை நம்பக் கூடாது. அதன் பிறகு ஐந்து வருடம், தானாக வேலையை விடும் வரைக்கும், அம்மா அந்த மேசையில் நின்றார். ஐந்து வருடமும் காலையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டே பூசினேன்.

சென்ற மாதம் எனக்குக் கலியாணம். அந்த ஹோட்டலுக்கு இப்போது வேறு பெயர், உள்ளே அந்த மேசை இல்லை. பன்னிரண்டு நிறப் பெட்டி வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. அம்மாவுக்குப் போன வருடம் கண்புரை எடுத்து, கிட்டவும் தூரவும் தெரிகிற வில்லை வைத்தார்கள். மூக்குக்கண்ணாடி அலுமாரியில் சும்மா கிடக்கிறது. மாதா கோயிலுக்குப் புறப்படுவதற்கு முன்னர், என்னை அலங்கரிக்க வந்த பெண் அம்மாவையும் உட்காரச் சொன்னபோது, "எனக்கு என்ரை பிள்ளை பூசும்" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளைக் கலியாண உடுப்போடு அவர் முன்னால் குனிந்தேன். இமை இன்னும் இறங்கியிருந்தது, மடிப்பைத் தேடவேண்டியிருந்தது. மண்ணிறத்தைத் தொட்டு, புறங்கையில் தட்டி, "நேரை பாருங்கோ அம்மா" என்றேன். பார்த்தார். பழைய நாளில் என்னைத் தாண்டி எங்கேயோ போகும் அந்தப் பார்வை, இந்த முறை என் முகத்தில் வந்து நின்றது.

"பிள்ளை, அந்த நாளிலை பூசேக்கையும் நீ முகத்தை இப்பிடித்தான் வச்சிருந்தனியோ?"

பல்லைக் கடித்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மறைக்கப் புகை இல்லை.

"ஓம் அம்மா."

"ஒவ்வொரு நாளுமோ?"

நான் மடிப்புக்கு மேலாக விரலை ஒத்தினேன். அவருடைய கண் நிறைந்தது. ஆனாலும் அம்மா இமையை மூடவில்லை; மூடினால் நிறம் மடிப்புக்குள் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நிறைந்த கண்ணோடு, நான் பூசி முடிக்கும் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.