புதுக் கார்டு வேணுமா, வேண்டாமா?

கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பொருள் வாங்க வருவதில்லை, பொருள் வாங்கலாமா என்று கேட்டுவிட்டுப் போக வருகிறார்கள். எந்தக் கடையிலாவது கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கடை மார்த்தாண்டத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு மாடியில் இருந்தது. 2012 வாக்கில் முதலாளி எர்ணாகுளம் போய், அப்போதுதான் வந்திருந்த புது மாடல் கிராபிக்ஸ் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தார். மாட்டினால் கம்ப்யூட்டரில் படமும் விளையாட்டும் துள்ளி ஓடும். விலையைச் சொன்னால் வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்பார். பெட்டிகளை என் தலைக்கு மேலிருந்த தட்டில் அடுக்கிவிட்டு, "கிறிஸ்துமசுக்குள்ள இது போகல்லன்னா புது வருசம் நீ வரண்டாம், கேட்டியா சுஜி" என்றார்.

வேலைக்குப் போகிற வரைக்கும் போகட்டும் என்று வீட்டில் என் கல்யாணப் பேச்சைத் தள்ளி வைத்திருந்தார்கள். வேலை போனால் அடுத்த ஞாயிறே பெண் பார்க்க வர, குலசேகரத்தில் ஒருவர் தயாராக இருந்தார். நிஜமாகவே பயந்துபோனேன். ஆனால் எனக்கு ஒரு வியாதி. "இருக்கிற கார்டு போதுமா, புதுசு வேணுமா?" என்று யாராவது கேட்டால், வாய் உள்ளதைச் சொல்லிவிடும்.

மார்க் கூட்டும் கார்டு

சவுதியிலிருந்து லீவில் வந்த ஒருவர், இன்ஜினியரிங் படிக்கும் மகனோடு வந்தார். "ஆம்பிள ஸ்டாஃப் இல்லியா?" என்று கடையைச் சுற்றிப் பார்த்தார். இல்லை என்றதும் மனதைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தார். இந்தக் கார்டு இல்லாமல் படிக்கவே முடியாது என்று மகன் போனில் அழுதிருக்கிறான். "இத மாட்டினா எத்தன மார்க்கு கூடும்?" என்று கேட்டார்.

நான் மகனிடம் விசாரித்தேன். சிவில், முதல் வருடம். கம்ப்யூட்டரில் இன்னும் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. இப்போதைக்கு இருப்பதே தாராளம், மூன்றாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மகன் என்னை முறைத்த முறைப்பை இன்னும் மறக்கவில்லை. அப்பா உற்சாகமாக எழுந்து, செல்போனில் நம்பர் போட்டு என்னிடம் நீட்டினார். "மோளே, இத அவனுக்க அம்மைக்கிட்ட நீயே சொல்லு, நான் சொன்னா கஞ்சன்னு சொல்லுவா."

வேகம் செய்யும் வினை

இராஜாக்கமங்கலத்திலிருந்து கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர், நாகர்கோவில் கடைகளையெல்லாம் அலசி முடித்துவிட்டு எங்களிடம் வந்தார். அவர் எடிட் செய்த வீடியோவில் மாப்பிள்ளையும் பெண்ணும் திற்பரப்பு அருவிக்குள்ளிருந்து இதய வடிவத்தில் மிதந்து வருவார்கள். அதைக் கோர்த்து முடிக்கக் கம்ப்யூட்டர் ராப்பகலாக ஓடுமாம். அவர் வைத்திருந்த சாஃப்ட்வேருக்கு இந்தக் கார்டு உண்மையிலேயே உதவும் என்று தெரிந்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உள்ளதைச் சொல்லியே ஒரு பெட்டி போகப்போகிறது!

"உங்களுக்கு இது கண்டிப்பா வேணும் அண்ணா. நாள் முழுக்க ஓடுதது, நீங்க சாப்பிட்டுட்டு வரும்ப முடிஞ்சிரும்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பெட்டியை மெல்ல என் பக்கம் நகர்த்தினார். "கல்யாணம் களிஞ்சு ரெண்டு மாசமாச்சு, சிடி எங்கன்னு கேக்குதவனுக்கு மெஷின் ஓடிட்டு கெடக்குன்னு சொல்லுதேன், இத மாட்டினா நான் என்னத்தச் சொல்ல?"

சனிக்கிழமை சார்

திற்பரப்புப் பக்கம் வங்கியில் வேலை பார்த்த ஒரு சாருக்குக் கார் பந்தய விளையாட்டில் பைத்தியம். சனிக்கிழமைதோறும் வந்து, இணையத்தில் படித்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டு, "இப்ப வாங்கலாமா?" என்பார். உங்கள் மானிட்டர் சின்னது, அதில் வித்தியாசமே தெரியாது, வேண்டாம் என்பேன். நிம்மதியாக ஒரு மவுஸ் பேடு வாங்கிக்கொண்டு போவார். அவர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில்கூட மவுஸ் பேடு போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் வந்தது. கடைவீதியில் நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கின. எனக்கோ குலசேகரத்துக்காரர் நினைப்பில் சோறு இறங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "வாங்குங்க சார், வித்தியாசம் நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். "நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு வீட்டில சொல்லிட்டாக்கும் வந்தேன், என்னம்மா, முதலாளி வெரட்டுதாரா?"

முதலாளி வீட்டு விவகாரம்

கிறிஸ்துமசுக்குச் சில நாள் இருக்கும்போது முதலாளி என்னை சர்வீஸ் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் கையில் தட்டிலிருந்த பெட்டிகளில் ஒன்று இருந்தது. அவருடைய மகள் ஷைனி திருவனந்தபுரத்தில் அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தாள். "அவ இதே வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. யாவாரத்துக்காகச் சொல்லண்டாம், உள்ளதச் சொல்லு. இது வேணுமா?" என்றார்.

ஷைனியிடம் போனில் பேசினேன். கடைசி வருடப் படத்துக்காக அவள் ஒரு மீனை நீந்த வைத்துக்கொண்டிருந்தாள். மீன் வாலை ஒரு தடவை அசைப்பதற்குள் கம்ப்யூட்டர் உறைந்துபோகிறது என்று அழாத குறை. "அவளுக்கு இது வேணும் முதலாளி" என்றேன். முதலாளி நம்பவில்லை. நாகர்கோவிலில் கடை வைத்திருக்கும் நண்பருக்குப் போன் போட்டார். அவரும் வேணும் என்றாராம். "அவனும் யாவாரிதானே" என்று போனை வைத்தார். இருக்கிற கார்டையே நன்றாகத் துடைத்துப் போட்டால் ஓடாதா என்று என்னிடம் கேட்டார். ஓடாது என்றேன். கடைசியில் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி நின்று சொன்னார்: "ஊருக்கெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு எனக்க தலையில கட்டிட்டியே பிள்ளே, சரி, அடுத்த வாட்டி அவ என்ன கேட்டாலும் வேண்டாம்னு சொல்ல ஒரு ஆளு வேணும், ஜனவரியில வா."

இந்தத் தொழிலில் 'வேண்டாம்' என்று சொன்னால் உடனே நம்பிவிடுகிற மனிதர்கள், 'வேணும்' என்று சொன்னால் மட்டும் நமக்கு என்ன கஷ்டமோ என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.