கண்ணளவுக்காரி எடுத்த ஸ்கேல்

ஊரில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை அவள் கைவேலைதான். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடம் விடுவதற்கு இருபத்திரண்டு வருடமாக ஸ்கேலைத் தொட்டதில்லை. தொட்டவர்களைச் சும்மா விட்டதும் இல்லை. துணியா அளக்கிறீர்கள் என்று மானத்தை வாங்கிவிடுவாள். எழுத்து வரைந்த தாளைத் தலைகீழாகத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பாள். இதை நெருக்கு, அதைத் தள்ளு என்பாள், வேலை முடிந்தது. தொழிலில் எல்லோருக்கும் அவள் 'கண்ணளவு அக்கா'.

அப்பேர்ப்பட்டவள் நூலகத்து வாசல் பெயருக்கான தாளை, பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்கேல் வைத்து அளந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு மாதத்துக்கு முன்பு வலது கண்ணில் தூசி விழுந்து கசக்கியபோது, இடது கண்ணுக்கு ஜன்னல் கம்பி நடுவில் வளைந்து தெரிந்தது. கதவுச் சட்டமும் வளைந்தது. தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கவே துணியவில்லை, கண்ணளவை நம்பவும் முடியவில்லை. டாக்டரிடம் போனால் அவர் வாயிலிருந்து ஏதாவது வந்துவிடுமே! கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

நூலகத்துச் சுவர் மெருகேற்றிய கருங்கல். எழுத்துகளைப் பொருத்த அதில் துளை போட்டால் போட்டதுதான், அழிக்க முடியாது. தாளைப் பார்த்துத் துளை போடுவது அவள் கொழுந்தன். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, வழக்கம்போல ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்தான். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எல்லா இடைவெளியும் அச்சு அசல் ஒரே அளவு, வினையே அதுதான். பார்வைக்கு உருண்டை எழுத்துகள் விலகி நின்றன, நெட்டுக்கோடு போட்டவை முட்டிக்கொண்டு நின்றன.

வாயாடிப் பயல், அன்றைக்குக் கிண்டல் ஒன்றும் பண்ணவில்லை. திரும்பி வந்து அவள் முகத்தையே பார்த்தான்.

"அண்ணி, இது ஸ்கேல் வச்சு அளந்தது. கண்ணுக்கு என்ன?"

அவசரம் என்று சொல்லித் தப்பப் பார்த்தாள். அவன் விடவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"பயமா இருக்கு தம்பி. உங்க அண்ணன்கிட்ட சொல்லாதீங்க."

அவன் தாளை உரித்துச் சுருட்டினான். தாளைச் சரிசெய்து துளையை மட்டுமாவது முடித்துவிடலாம் என்று கெஞ்சினாள்.

"கல்லு எங்கயும் ஓடிப் போகாது. வண்டியில ஏறுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டம் போட்ட அட்டை ஒன்றை நீட்டி, வலது கண்ணை மூடச் சொன்னார். கோடு வளைகிறதா என்று கேட்டார். வளைந்து தெரியட்டும், வளைவு மட்டுமாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தாள்.

"நடுவுல கோடே காணோம் டாக்டர்."

எத்தனை நாளாக இப்படி என்று அவர் கேட்டார். ஒரு மாதம் என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, கூட யார் வந்திருக்கிறார்கள், உள்ளே வரச் சொல்லுங்கள் என்றார்.